குண்டு போன நேரம், சத்தம் வந்த நேரம்

என் வீட்டுக்காரர் விஜயராகவனுக்கு வாய் மட்டும்தான் சுடும் என்று கல்யாணமான நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற சமயத்தில் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு ஏர்கன் வாங்கி வந்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் குரங்குக் கூட்டம் எங்கள் காட்டில் பாதியைத் தின்னும், மீதியை ஒடித்துப் போடும். பட்டாசு வெடித்தோம், தகரம் தட்டினோம், புலி பொம்மை வாங்கி வைத்தோம். அந்தப் புலி மேல் உட்கார்ந்துதான் அவை கதிரை உரித்தன. அதனால் ஏர்கன் வந்தபோது நானும் வாயைத் திறக்கவில்லை.

"சும்மா பயமுறுத்தத்தான். லைசென்ஸுகூட வாணாம், வெளயாட்டு சாமான்" என்றார்.

ஆனால் கொஞ்ச நாளிலேயே யாரோ ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வேறு ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்தார். விளையாட்டு சாமானுக்கு எதற்குப் புது ஸ்பிரிங் என்று கேட்டேன். "உனுக்கு அதெல்லாம் புரியாது" என்றார். நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அவர் எட்டாவதோடு நின்றவர். அன்று ராத்திரி குழம்பில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் விழுந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதும் எங்கள் நிலம்தான். அதை வாரத்துக்கு உழுகிறவர் மூக்கன். மலையில் சாமையும் தினையும் விதைத்துக்கொண்டிருந்தவர், மனைவி சாலம்மாளோடு கீழே இறங்கி வந்து எங்கள் காட்டிலேயே குடிசை போட்டுக்கொண்டார். அவரிடம் துப்பாக்கி கிடையாது. நார்க்கயிற்றில் பின்னிய கவண்தான். காட்டில் கட்டின காவல் பரண் மேல் நின்று சுழற்றி விட்டால் கல் குரங்கின் காதோரம் உரசிக்கொண்டு போகும். ஆனால் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். கல்லை வைத்ததும் "ஓ...ஓய்" என்று குரல் கொடுப்பார். சாலம்மாள் சோளத்துக்குள் எங்கே குனிந்திருந்தாலும் பதிலுக்கு ஒரு "ஓய்" கொடுக்க வேண்டும். அந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்ட பிறகுதான் கவண் சுழலும். மலையில் எல்லோரும் அப்படித்தானாம். ஏர்கன்காரர் யாரையும் கேட்பதில்லை.

அன்றைக்கு மத்தியானம் நான் மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மூக்கனின் குரல் கேட்டது. சாலம்மாளின் குரலும் கேட்டது. அதன் பிறகு எங்கள் மோட்டார் கொட்டகைப் பக்கம் "டப்" என்று ஒரு சத்தம். அது எனக்குப் பழகின சத்தம், துப்பாக்கி என்று தெரிந்துபோயிற்று. உடனேயே சாலம்மாள் அலறினாள்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணைப் பொத்தின கை முழுக்க ரத்தம். மூக்கன் பக்கத்தில் கவணோடு நின்றுகொண்டிருந்தார்.

"என் கல்லும்மா. வார்ல இருந்து வழுக்கிச்சி. நான் அந்தப் பக்கம்தான் வுட்டேன், இந்தப் பக்கம் பூட்ச்சி" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கவணில் வார் வழுக்கிக் கல் தப்புகிறது உண்டு. எனக்கும் தெரியும். திரும்பி மோட்டார் கொட்டகையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

பக்கத்து ஊரில் கட்டுப் போடுகிற ஒருவர் காயத்தைக் கழுவிப் பஞ்சு வைத்துக் கட்டினார். கண்ணுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் நடுவில் சின்ன ஓட்டை, கண் வீங்கி மூடியிருந்தது. "கள்ளக்குறிச்சிக்குப் போயி ஸ்கேன் எடுத்துப் பாருங்க. உள்ள ஏதாச்சும் இருந்தா சீழ் புடிச்சி மூளைக்கே ஏறிடும்" என்றார். சாலம்மாள் தலையை ஆட்டிவிட்டாள். கல் பட்டுக் கீழே விழுந்துவிட்டது, உள்ளே என்ன இருக்கப் போகிறது, வரமாட்டேன் என்றாள். மூக்கன் கெஞ்சிப் பார்த்தார். அசையவில்லை.

வீட்டுக்கு வந்தேன். விஜயராகவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. துப்பாக்கியைக் காணோம். தேடினபோது வீட்டுப் பரண் மேல் உரச் சாக்கில் சுற்றிக் கிடந்தது.

"நீங்க சுட்டீங்களா?"

"கொரங்கப் பாத்து சுட்டேன். அது ஓடிப்பூட்ச்சி."

"சாலம்மாக்கா கண்ணு..."

"அது அவன் கல்லு. அவனே சொல்றான் இல்ல. நம்ம கொட்டாயில இருந்து வாய்க்கா எவ்ளோ தூரம், நாப்பது மீட்டராவது இருக்கும். அவ்ளோ தூரம் போனா இது கடலைக்கொட்ட மாதிரி விழும், தோலக்கூட கிழிக்காது. நீ எதையாச்சும் ஒளறிகினு திரியாத."

அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரம் வெளுத்திருந்தது. அவரும் பயந்துதான் போயிருந்தார். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. தைரியமாகப் பொய் சொல்கிற ஆளோடு சண்டை போடலாம். பயந்துபோன ஆளை என்ன செய்வது?

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. ரோட்டில் ஜீப் மாதிரி ஏதாவது உறுமினால் இரண்டு பேரும் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிடுவோம். போன் அடித்தால் யார் எடுப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். எனக்குள் ஓடினது ஒரே கேள்விதான். சாலம்மாளின் தலைக்குள் ஈயம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் சொல்ல வேண்டும், சொன்னால் இவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் நான் நிம்மதியாகத் தூங்கலாம். தூங்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது மீட்டரில் தோலைக் கிழிக்குமா என்பதைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. குண்டு என்ன வேகத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். கல்லூரியில் படித்ததை யோசித்தேன், போனில் தேடியும் பார்த்தேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். துப்பாக்கி வெடிக்கிற சத்தத்தையும், குண்டு தகரத்தில் மோதுகிற சத்தத்தையும் போனில் பதிவு செய்தால் போதும். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று பார்த்துத் தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம்.

விஜயராகவன் ஏதோ பட்டா வேலையாகச் சங்கராபுரத்துக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பினதும் சாக்கை இறக்கினேன். காட்டில் நின்று சுட முடியாது, யாராவது பார்த்துவிடுவார்கள். நாற்பது மீட்டர் தள்ளி எதையும் குறி பார்த்து அடிக்கவும் எனக்கு வராது. வீட்டுக்குப் பின்னால் மதிலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் நீளமான சந்து உண்டு. சொட்டுநீர்க் குழாய்க்கு அளக்கிற டேப்பைப் போட்டுப் பத்து மீட்டர் அளந்தேன். கடைசியில் மண் மூட்டைகளை அடுக்கி, அதன் முன்னால் பழைய எண்ணெய் டின்னின் மூடியைக் கட்டித் தொங்கவிட்டேன். திரும்பி வந்து, நான் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் போனை ஒரு செங்கல் மேல் வைத்துப் பதிவை ஓடவிட்டேன்.

துப்பாக்கியை மடக்கக் கையில் பலம் இல்லை. தொடையில் வைத்து அழுத்தினேன். குண்டு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவ்வளவு சின்னது. மாடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துக் கொல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிவிட்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தேன்.

முதல் குண்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. அடுத்தது "டப்... டிங்" என்றது. இன்னும் இரண்டு முறை சுட்டேன். தோள் வலித்தது. போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன்.

பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். தட்டையான கோட்டில் ஒரு முள் புதர், கொஞ்சம் தள்ளி இன்னொரு முள் புதர். முதலாவது துப்பாக்கி, இரண்டாவது தகரம். நடுவில் எண்பது மில்லி செகண்ட். மூன்று தடவையிலும் ஏறக்குறைய அதேதான். பத்து மீட்டரை எண்பதால் வகுத்தேன். செகண்டுக்கு நூற்று இருபத்தைந்து மீட்டர் என்று வந்தது. நூறுக்குக் கீழே இறங்கிவிட்டால் இவ்வளவு சின்னக் குண்டு தோலைத் துளைப்பது கஷ்டம் என்று எங்கோ படித்திருந்தேன். புறப்படும்போதே நூற்று இருபத்தைந்து என்றால், நாற்பது மீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேரும்போது நூறு எங்கே இருக்கப் போகிறது?

கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், அது மூக்கனின் கல்தான். அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு குடிசைக்குப் போனேன். சாலம்மாளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கட்டைத் தாண்டிக் கன்னம் வரைக்கும் வீக்கம். குடிசைக்குள் ஒரு கெட்ட வாடை. மூக்கன் வாசலில் குந்தியிருந்தார். எனக்கு இப்போது குற்றவுணர்ச்சி இல்லை அல்லவா, கோபம் வந்துவிட்டது.

"இன்னாண்ணே, பாத்து வுட வாணாமா? கட்டுன பொண்டாட்டி கண்ணு போறா மாதிரியா கல்லு சுத்துறது? இத்தினி வருசமா சுத்துறீங்க" என்று ஏறிவிட்டேன்.

தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "தப்புதாம்மா" என்றார். பிறகு எழுந்து கோடாலியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார்.

வீட்டுக்கு வந்து மிளகாயைக் கிளறிவிட மாடிக்குப் போனேன். மூக்கன் தூரத்தில் தன் பரணை வெட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இனிக் காவலே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் போல. கோடாலி இறங்கியது. சத்தம் வரவில்லை. மறுபடி அவர் கையை ஓங்கினபோதுதான் "தொக்" என்றது. மறுபடி இறங்கியது, சத்தமில்லை. ஓங்கினபோது "தொக்".

நான் மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சத்தம் வந்து சேர நேரம் ஆகிறது. போனை எங்கே வைத்தேன்? என் பக்கத்தில். குண்டு போய்த் தகரத்தில் மோதின பிறகு அந்த "டிங்" பத்து மீட்டர் திரும்பி வந்துதான் போனில் ஏறியிருக்கிறது. அந்த எண்பதில் குண்டு போன நேரமும் இருக்கிறது, சத்தம் வந்த நேரமும் இருக்கிறது. நான் எல்லாவற்றையும் குண்டின் கணக்கில் எழுதிவிட்டேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸாம். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சத்தம் செகண்டுக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் போகும். பத்து மீட்டருக்கு முப்பது மில்லி செகண்ட் என்று வைத்தால், எண்பதில் முப்பது போக மீதி ஐம்பது. குண்டின் வேகம் நூற்று இருபத்தைந்து இல்லை, இருநூறு. வாய்க்காலைத் தாண்டினாலும் அது நூறுக்கு வெகு மேலேதான் இருக்கும். தோல் என்ன, அதற்குக் கீழே இருக்கிற மெல்லிய எலும்பையும் அது விட்டிருக்காது.

மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். விஜயராகவன் முற்றத்தில் குட்டியானை லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "எங்க போற?" என்றார். பதில் சொன்னால் தடுத்துவிடுவார் என்று பயந்து பேசாமல் நடந்தேன். வாய்க்காலைத் தாண்டினதும் ஓடினேன்.

சாலம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "அக்கா, அது கல்லு இல்ல. எங்க வூட்டு துப்பாக்கி. குண்டு உள்ளதான் இருக்கு. இப்பவே கள்ளக்குறிச்சிக்குப் போவணும்."

அவள் திரும்பவில்லை. "தெரியும்மா" என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பப் பார்த்தேன்.

"அன்னிக்கே வெரல்ல தட்டுப்பட்டுச்சி. தோலுக்கு அடியில, கேவுரு மணி கணக்கா கெட்டியா. கல்லு பட்டா அப்டியா இருக்கும்?"

"தெரிஞ்சிதான் ஸ்கேன் வாணான்னியா?"

"ஸ்கேன் எடுத்தா அவருக்குத் தெரிஞ்சிடுமே."

"அக்கா, மூக்கண்ணன் தாந்தான் பண்ணிட்டோம்னு செத்துக்கினு இருக்காரு."

"அழுவட்டும். அழுதா ஆள் இருப்பாரு." அவள் இப்போது திரும்பினாள். நல்ல கண்ணும் சிவந்திருந்தது. "அவரு கோவம் உங்களுக்குத் தெரியாது. துப்பாக்கின்னு தெரிஞ்சா கோடாலிய எடுத்துக்கினு உங்க வூட்டுக்குத்தான் வருவாரு. அப்புறம் அவரு ஜெயிலுக்கு, ஐயா சுடுகாட்டுக்கு. நெலமும் இல்ல, ஆளும் இல்ல. நான் ஒத்தக் கண்ண வெச்சிக்கினு எங்க போவேன்? வாணாம்மா. சொல்லாதீங்க."

வெளியே கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. இங்கே ஒருத்தி புருஷனைக் காப்பாற்றச் சாகத் துணிந்து படுத்திருக்கிறாள். நானும் என் புருஷனைக் காப்பாற்றத்தான் கணக்குப் போட்டேன், ஆனால் சாவது அவள். அவள் நெற்றியைத் தொட்டேன், கை சுட்டது. இன்னும் ஒரு நாள் இப்படியே விட்டால் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்தது.

எழுந்து வெளியே வந்தேன். "செல்விம்மா" என்று அவள் கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை. போனை எடுத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "வண்டிய எடுத்துக்கினு மூக்கன் குடிசையாண்ட வாங்க. நான் அவருகிட்ட சொல்லப் போறேன்." அவர் பதில் சொல்லும் முன்பே கட் பண்ணிவிட்டேன்.

மூக்கன் பாதிப் பரணை இறக்கியிருந்தார். நான் வருவதைப் பார்த்துக் கோடாலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். சட்டை போடாத உடம்பெல்லாம் வேர்வை. அவர் கை எட்டுகிற தூரத்துக்குள் போகக் கூடாது என்று எனக்குள் ஏதோ சொன்னது. ஆனால் தூரத்தில் நின்று கத்திச் சொல்கிற விஷயமா இது? கிட்டே போனேன்.

"அண்ணே, உங்க கல்லு படல. எங்க வூட்டுக்காரரு சுட்ட குண்டு. அக்கா தலையில இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். கோடாலிப் பிடியில் விரல்கள் இறுகினதைக் கவனித்தேன். இதோ, இப்போது, என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்றே நினைக்கிறேன்.

"அப்ப நான் இல்லியா?" என்றார்.

"நீங்க இல்ல."

"என் கல்லு இல்லியா?"

"இல்லண்ணே."

"நான் இல்லியா?" என்று மறுபடியும் கேட்டார். வெட்டிப்போட்ட கட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆள், முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நேற்று கணக்கு என்னைக் காப்பாற்றினதாக நினைத்துப் படுத்து அழுதேனே, அந்த அழுகைக்காக வெட்கப்பட்டேன்.

எங்கள் வீட்டுப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. மூக்கன் தலையைத் தூக்கினார். அழுகை நின்றுவிட்டது. அந்த முகம் நான் பார்த்த முகமே இல்லை. கோடாலியோடு எழுந்தார். நான் குறுக்கே நின்றேன். என்னைத் தொடாமலே சுற்றிக்கொண்டு குடிசைப் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

குடிசை வாசலில் சாலம்மாள் வந்து நின்றிருந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவருடைய கோடாலிப் பிடியைப் பற்றினாள்.

"உனுக்கு முன்னியே தெரியுமாடி?"

"தெரியும்."

"என்னை ஏன் சாவடிச்ச?"

"மொதல்ல என்னக் கூட்டிக்கினு போ. என்னால நிக்க முடியல" என்றாள். "பொழச்சி வந்தப்புறம் உன் இஷ்டம்."

வண்டி வாய்க்கால் மதகைத் தாண்டி வந்து நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கினார். வந்துவிட்டாரே என்று ஒரு கணம் எனக்கு நிம்மதி, வந்துவிட்டாரே என்று அதே கணத்தில் பயம். கோடாலியைப் பார்த்ததும் அவர் வண்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். ஓடவில்லை.

மூக்கன் அவரை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு சாலம்மாளின் உடம்பு சரிந்தது. மூக்கன் கையிலிருந்ததை விட்டார், அது கீழே விழுந்தது. இரண்டு கையாலும் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி வந்தார்.

எங்கள் காட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என் வீட்டுக்காரரை "ஐயா" என்று சொல்லாமல் பேசினதில்லை, "ங்க" போடாமல் ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை.

"கதவத் தொற" என்றார்.

விஜயராகவன் திறந்தார்.